வால்யூம் யார் கையில்?

பொதுக்கூட்டம் தொடங்கும் முன் மைக்செட்காரர் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது சில சமயம் ஒலிபெருக்கி 'கீஈஈ' என்று அலறும். கூட்டமே காதைப் பொத்திக்கொள்ளும். அவர் ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரில் எதையோ திருகுவார், அலறல் அடங்கும். நடந்தது இவ்வளவுதான்: மைக் வாங்கியதை ஸ்பீக்கர் பெரிதாக்கி வெளியே விட்டது, ஸ்பீக்கர் விட்டதை மைக் மறுபடி வாங்கியது, அது இன்னும் பெரிதானது, சுற்று ஏறிக்கொண்டே போனது. ஃபீட்பேக் என்று அதற்குப் பெயர். மைக்செட்காரர் எந்தச் சத்தத்தை நிறுத்த ஓடுகிறாரோ, அதையே கச்சாப்பொருளாக எடுத்துக்கொண்ட இசை ஒன்று உண்டு. ராகம், தாளம், பாட்டு எதையும் அதில் தேட வேண்டாம். ஃபீட்பேக், மின்கருவிகளின் கிறீச்சல், தகரத்தைத் தேய்க்கும் ஓசை, உச்சபட்ச வால்யூம். ஆங்கிலத்தில் 'நாய்ஸ் மியூசிக்' என்பார்கள். இரைச்சலிசை என்று இங்கே வைத்துக்கொள்வோம்.

இதன் ரசிகர்கள் எழுதுவதைப் படித்தால் ஒரு கட்சி திரும்பத் திரும்ப வரும். இரைச்சலிசையைப் பதிவில் கேட்பது கேட்டதாகாது. சின்ன அறைக்குள் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று, போட்டிருக்கும் சட்டை அதிர அதிரக் கேட்டால்தான் உண்டு. சிடி என்பது பிணம். நான் இந்த இசையை அறிந்ததெல்லாம் பதிவுகள் வழியாகத்தான். இந்த இசைக்குப் பேர்போன ஒசாகாவிலோ டோக்கியோவிலோ அந்த அறைகளில் நின்றதில்லை. ஆகவே என் வாதத்தில் கொஞ்சம் சுயநலம் கலந்திருக்கலாம். இருந்தும் சொல்கிறேன்: அந்தக் கட்சி பாதிதான் உண்மை. இரைச்சலிசையின் வரலாற்றில் பல இடங்களில் பதிவுதான் முந்தியது, மேடை பிந்தியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உயிர், பிணம் என்று பார்ப்பதைவிட, வால்யூம் குமிழ் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகிறது.

ஆனால் முதல் அடி மேடையில்தான் விழுந்தது, அதை மறுக்க முடியாது. இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ 1913 மார்ச்சில் 'இரைச்சல்களின் கலை' என்ற பிரகடனத்தை எழுதினார். மோட்டாரும் டிராமும் ஆலைகளும் நிறைந்த நகரத்தில் வாழ்கிறவனின் காதுக்கு வயலினும் பியானோவும் போதாது என்பது அதன் சாரம். எழுதியதோடு விடாமல், உகோ பியாட்டி என்ற இன்னோர் ஓவியருடன் சேர்ந்து 'இன்டோனருமோரி' என்ற இரைச்சல் கருவிகளையும் செய்தார். ஒரு மரப்பெட்டி, முன்னால் பெரிய கூம்பு, சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. சுற்றினால் உள்ளே கம்பி உராய்ந்து உறுமும், கரகரக்கும், ஊளையிடும். 1914 ஏப்ரல் 21 அன்று மிலான் நகரின் தியாட்ரோ தால் வெர்மே அரங்கில் இவற்றை வரிசையாக வைத்துக் கச்சேரி நடந்தது. வந்தவர்கள் கத்தித் தீர்த்தார்கள். ருஸ்ஸோலோவின் கூட்டாளிகளான ஃப்யூச்சரிஸ்ட் கலை இயக்கத்தினர் இறங்கிப் போய் அவர்களோடு கைகலந்தார்கள். மேடை இரைச்சல் எது, இருக்கை இரைச்சல் எது என்று அன்று யாரும் பிரித்துக் கேட்டிருக்க முடியாது.

அந்தக் கச்சேரிக்குப் பதிவு கிடையாது. அந்தக் கருவிகளும் மிஞ்சவில்லை. 'ஒரு நகரத்தின் விழிப்பு' என்ற உருப்படியின் இசைக்குறிப்பில் ஒரு சிறு துண்டு மட்டும் தப்பிக் கிடக்கிறது. அந்தக் காலத்து ஒலியாக நம் கைக்கு வந்திருப்பது, ருஸ்ஸோலோவின் சகோதரர் அன்டோனியோ 1920களில் பதித்த ஓர் இசைத்தட்டு. கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். வழக்கமான வாத்தியக்குழு ஒன்று மரியாதையாக மெட்டு வாசிக்கிறது. பின்னால் எங்கோ, பக்கத்துத் தெருவில் லாரி போவது மாதிரி, ஓர் உறுமல் வந்து வந்து போகிறது. அன்றைய பதிவுமுறைக்கு எட்டிய அதிர்வெண்களின் வீச்சு அவ்வளவுதான். அடித்தொண்டை உறுமலும் கூரான கிறீச்சலும் அதன் வலைக்குள் சிக்காமல் போய்விட்டன. 2009இல் லூசியானோ செஸ்ஸா என்ற இசையியலாளர் அந்தக் கருவிகளை மறுபடி கட்டி இயக்கியபோது, அவை எப்படி ஒலித்திருக்கும் என்று இன்றைய காது ஊகிக்க முடிந்தது. 'பதிவு பிணம்' என்ற கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மிலான் கச்சேரிக்கு முப்பத்து நான்கு ஆண்டு கழித்துக் கதை தலைகீழாகத் திரும்புகிறது. 1948 அக்டோபர் 5 அன்று பிரெஞ்சு வானொலியில் பியர் ஷேஃபர் 'இரைச்சல் கச்சேரி' ஒன்றை ஒலிபரப்பினார். பாரிஸின் பத்திஞோல் ரயில் நிலையத்தில் பதிவுசெய்த இன்ஜின் சத்தங்களைத் தட்டுகளில் வெட்டி, வேகம் மாற்றி, திரும்பத் திரும்ப ஓட்டிச் செய்த 'ரயில்வே பயிற்சி' அதில் ஒன்று. மேடை இல்லை, வித்வான் இல்லை. நகலெடுக்க ஒரு மூலக் கச்சேரியே இல்லை. தட்டே கருவி, தட்டே கச்சேரி. ஷேஃபருக்கு மிகவும் பிடித்த உத்தி 'மூடிய பள்ளம்'. தட்டின் சுருள் பள்ளம் மையத்தை நோக்கிப் போகாமல் தன்னையே சுற்றி மூடிக்கொண்டால், ஊசி அந்த ஒரு சுற்றிலேயே மாட்டிக்கொள்ளும். ஒரு விசில், ஒரு தடக், மறுபடி அதே விசில், அதே தடக். கையால் ஊசியைத் தூக்கும்வரை அது ஓயாது. இந்தப் பள்ளம் பின்னால் மறுபடி வரும்.

நிகழ்த்துகலை ஆய்வாளர் பிலிப் ஆஸ்லாண்டர் 1999இல் எழுதிய நூலில் ஒரு சுவையான விஷயத்தைச் சுட்டுகிறார். 'லைவ்' என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் வந்தது பதிவு வந்த பிறகு. வானொலி பரவிய 1930களில்தான் அந்தத் தேவையே ஏற்பட்டது. அதற்கு முன் கச்சேரி வெறும் கச்சேரி. தமிழிலும் அப்படித்தானே. 'நேரடி' என்ற அடைமொழியை வானொலி நமக்குக் கொடுத்தது. நேர்நிகழ்ச்சி மூத்த பிள்ளை, பதிவு இளைய பிள்ளை என்று நாம் வரிசைப்படுத்துவது, பதிவு வந்த பிறகு நாமே பின்னோக்கி எழுதிக்கொண்ட வம்சாவளி.

ஜப்பானுக்கு வருவோம். இரைச்சலிசை ஓர் அடையாளமுள்ள வகையாகத் திரண்டது அங்கேதான். போருக்குப் பின் ஜப்பானிய நகரங்களில் 'ஜாஸ் கிஸ்ஸா' என்ற காபிக்கடைகள் பெருகின. வெளிநாட்டு இசைத்தட்டு சாமானியர் கைக்கு எட்டாத விலையில் இருந்த காலம். கடைக்காரரிடம் நல்ல தட்டுகளும் அவற்றைவிட நல்ல ஸ்பீக்கர்களும் இருக்கும். ஒரு காபி வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கலாம். நம் டீக்கடை மாதிரி அரட்டைக்கு அங்கே இடமில்லை. பேசினால் கடைக்காரர் முறைப்பார், பல கடைகளில் பேசக் கூடாது என்பதே விதி. 1970களின் பின்பாதியில் கியோட்டோவில் 'டிரக்ஸ்டோர்' என்ற கடை இந்த மரபில் வந்தது. ஆனால் அங்கே ஓடியது ஜாஸ் மட்டுமல்ல. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த, யாருக்கும் எந்த வகை என்று சொல்லத் தெரியாத தட்டுகள் ஓடின. கியோட்டோவும் ஒசாகாவும் அடங்கிய கன்சாய் வட்டாரத்து இரைச்சல்காரர்கள் பலர் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்டவர்கள். 1979இல் ஜோஜோ ஹிரோஷிகே தொடங்கிய ஹிஜோகைடான் குழு இந்தச் சூழலில் முளைத்தது. அதாவது, இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டு அதில் கேட்ட விநோதத்தை இன்னும் உக்கிரமாக்கி மேடையேறியவர்கள் இவர்கள். இவர்களுடைய மேடைக்கு முன்னோடி ஒரு ஸ்பீக்கர்.

அதே 1979இல் டோக்கியோவில் மசாமி அகிடா 'மெர்ஸ்போ' என்ற பெயரில் இயங்க ஆரம்பித்தார். ஜெர்மன் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் குப்பையிலும் உடைசலிலும் எழுப்பிய 'மெர்ஸ்பாவ்' என்ற கட்டுமானத்திலிருந்து எடுத்த பெயர். அகிடாவின் ஆரம்பக் களம் மேடை இல்லை, தபால் பெட்டி. வீட்டில் கேசட்டில் பதிவார். ஜெராக்ஸ் எடுத்த படங்களை உறையாக ஒட்டுவார். தம்முடைய சொந்த லேபிள் வழியாக உலகத்தின் எங்கெங்கோ இருக்கும் ஒத்த கிறுக்கர்களுக்கு அஞ்சலில் அனுப்புவார். பதிலுக்கு அவர்களுடைய கேசட் வரும். நேரில் பார்த்திராதவர்களுக்குள் இந்த இசை கைமாறியது. 2000இல் ஆஸ்திரேலிய லேபிள் ஒன்று அவருடைய பதிவுகளைத் திரட்டி 50 சிடிகள் கொண்ட 'மெர்ஸ்பாக்ஸ்' பெட்டியை வெளியிட்டது. ஐம்பதையும் யார் முழுக்கக் கேட்டார்கள் என்பது வேறு கேள்வி.

இந்த இசை நடக்கும் 'லைவ் ஹவுஸ்'களின் கணக்கு வழக்கு தெரிந்தால் பதிவின் முக்கியத்துவம் இன்னும் புரியும். ஜப்பானில் பல லைவ் ஹவுஸ்களில் 'நோருமா' என்று ஒரு முறை. மேடையேறும் குழு இத்தனை டிக்கெட் விற்றுத் தர வேண்டும். விற்காவிட்டால் மீதியைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். இரைச்சலிசைக்குக் கூட்டம் சேருவது கடினம். ஒசாகாவின் நம்பா பகுதியில் உள்ள 'பேர்ஸ்' போல இவர்களுக்கு இடம் கொடுத்த சின்ன அடித்தள அறைகள் இருந்தன என்றாலும், உள்ளூரில் இருபது முப்பது பேர் பார்த்த ஒன்று, கேசட்டாகவும் சிடியாகவும் கடல் கடந்துதான் பெயர் வாங்கியது. 'இன்கபாசிடண்ட்ஸ்' இரட்டையரில் தொஷிஜி மிகாவா வங்கி ஊழியர், ஃபுமியோ கொசகாய் அரசு ஊழியர். பகலில் கோட்டும் டையும், இரவில் மேசை நிறைய ஒலியைத் திரிக்கும் பெடல்களும் ஒயர்களும். அமெரிக்க ரசிகன் அவர்களை நேரில் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிடியில் வழிபட ஆரம்பித்துவிட்டான். கச்சேரி பின்னால் வந்து அந்தச் சிடியை மெய்ப்பித்தது.

சரி, அறைக்குள் என்னதான் நடக்கிறது? எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும்.

முதலாவது, உடம்பு. நூறு டெசிபலைத் தாண்டிய ஒலி காதோடு நிற்காது. தாழ்ந்த அதிர்வுகள் நெஞ்சுக்கூட்டில் இறங்கும், தரை வழியாகக் காலில் ஏறும். சாவு வீட்டு வாசலில் பறை வரிசைக்கு இரண்டடி தூரத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பறையை போனில் பிடித்த வீடியோவில் கேட்டால் தகர டப்பாவாக இருக்கும் என்பதும் தெரிந்ததுதான். 'மை ப்ளடி வேலண்டைன்' குழு இதற்கு அளவுகோல் மாதிரி ஓர் உதாரணம் தருகிறது. அவர்கள் ராக் குழு, இரைச்சல் குழு என்று சொல்ல முடியாது. 1988இல் அவர்கள் வெளியிட்ட 'யூ மேட் மீ ரியலைஸ்' பாட்டின் நடுவே ஒரே ஸ்வரக்கூட்டத்தை அடித்துக்கொண்டே இருக்கும் இரைச்சல் பகுதி வரும். தட்டில் அது அரை நிமிடச் சமாசாரம். மேடையில் அதையே கால் மணி நேரம், சில நாள் அதற்கும் மேல் இழுப்பார்கள். 2008இல் அவர்கள் திரும்பி வந்தபோது வாசலிலேயே காதடைப்பான் கொடுத்தார்கள். முதல் சில நிமிடங்கள் எரிச்சல், பிறகு பயம், அதற்குப் பிறகு அந்த ஒற்றைச் சுவருக்குள் இல்லாத மெட்டுகளும் குரல்களும் கேட்கத் தொடங்கும் என்று போனவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அரை நிமிடத்தில் அந்த மூன்றாவது கட்டம் வரவே வராது. இங்கே பதிவு தோற்றது தரத்தால் அல்ல, நேரத்தால்.

இரண்டாவது, அறை. மைக்செட்காரரின் 'கீ'யை நினைத்துக்கொள்ளுங்கள். மைக்கை ஓர் அடி நகர்த்தினால் அதன் சுருதி மாறும். சுவர் மாறினால், கூரை மாறினால், உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை மாறினால்கூட மாறும். மனித உடம்பு ஒலியை உறிஞ்சும். ஃபீட்பேக்கை வாசிக்கிறவன் கருவியை மட்டும் வாசிப்பதில்லை, அந்த அறையையும் வந்தவர்களையும் சேர்த்தே வாசிக்கிறான். அதை அடுத்த நாள் அதே அறையில்கூடத் திரும்பச் செய்ய முடியாது.

மூன்றாவது, காதே கருவியாவது. அமெரிக்க இசையமைப்பாளர் மேரியன் அமாகர் இந்த விஷயத்தில் மற்ற எல்லோரையும் விட ஆழமாகப் போனவர். காது ஒலியை வாங்கும் உறுப்பு மட்டுமல்ல, தானே ஒலியை உண்டாக்கவும் வல்லது என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி டேவிட் கெம்ப் 1978இல் நிறுவினார். சுருதியில் நெருக்கமான இரண்டு கூரிய ஸ்வரங்களை உரக்க ஒலித்தால், உட்காதின் நத்தைச்சுருள் மூன்றாவது ஒரு ஸ்வரத்தைத் தானே எழுப்பும். அமாகர் தம் இசையை இந்த மூன்றாவது ஸ்வரத்துக்காகவே அமைத்தார். 1999இல் அவர் வெளியிட்ட 'சவுண்ட் கேரக்டர்ஸ்' சிடியைப் போட்டு ஸ்பீக்கரில் நன்றாக ஏற்றினால், தலைக்குள்ளே ஒரு கிச்சுக்கிச்சு மெட்டு துள்ளும். வால்யூமைக் குறைத்தால் மறைந்துவிடும். அந்த மெட்டு சிடியில் இல்லை, தேடினாலும் அகப்படாது. இது நேர்நிகழ்ச்சியா, பதிவா? சிடி ஓடும்போது கச்சேரி உங்கள் மண்டைக்குள் நடக்கிறது. இந்த ஓர் உதாரணம் போதும், 'உயிரும் பிணமும்' என்ற பாகுபாடு ஆட்டம் காண.

இனி மறுபக்கம். பதிவில் மட்டுமே நடக்கக்கூடியது என்ன?

1996இல் வந்த மெர்ஸ்போவின் 'பல்ஸ் டெமன்' சிடியை எடுத்துக்கொள்கிறேன். டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. சிடியில் ஒவ்வொரு நொடியும் ஒலி 44,100 முறை அளக்கப்பட்டு எண்ணாக எழுதப்படுகிறது. அந்த எண் 32,767ஐத் தாண்ட முடியாது. சாதாரண இசையில் அலை அந்தக் கூரையை எப்போதாவது தொட்டுவிட்டு இறங்கும். இந்தச் சிடியின் அலைவடிவத்தைக் கணினித் திரையில் விரித்தால் மலையும் பள்ளத்தாக்கும் தெரிவதில்லை; கூரையிலிருந்து தரைவரை மை ஊற்றியது போல ஒரே பட்டை. இன்னொரு கோணமும் உண்டு. எஃப்எல்ஏசி போன்ற, தரம் குறையாமல் கோப்பைச் சுருக்கும் முறைகள் 'அடுத்து என்ன வரும்' என்று ஊகித்து இயங்குபவை. வீணைத் தந்தி ஒன்று அதிர்ந்தால் அடுத்த நொடித்துளியில் அது எங்கே இருக்கும் என்று கணக்குப் போடலாம். ஆகவே கோப்பு நன்றாகச் சுருங்கும். முழு இரைச்சலில் அடுத்த எண்ணை முந்தைய எண்ணிலிருந்து ஊகிக்க வழியில்லை. இரைச்சல் சுருங்க மறுக்கும். எம்பி3 வேறு வழியில் போகிறது: உரத்த ஒலிக்குப் பின்னால் மறைந்திருப்பதை மனிதக் காது கேட்காது என்று நம்பி அதைக் கழித்துக்கட்டுகிறது. இரைச்சலிசையில் எது முன்னால், எது பின்னால் என்று அந்த மென்பொருளுக்கு யார் சொன்னது? ரசிகன் தோண்டிக் கேட்க விரும்புவதே அந்தப் பின்னால் இருப்பதைத்தான்.

தோண்டிக் கேட்பது என்றேன். வீட்டில் இருக்கிறவனுக்கு மட்டும் கிடைக்கும் வசதி அது. 'பல்ஸ் டெமன்' சிடியின் முதல் உருப்படி 'உட்பெக்கர் நம்பர் 1', அதாவது மரங்கொத்தி. மிகக் குறைந்த வால்யூமில் கேட்டால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை மாதிரி இருக்கிறது; கிட்டத்தட்ட இதமாக. கொஞ்சம் ஏற்றினால் மழைக்குள் ஒரு துடிப்பு பிடிபடுகிறது, மரங்கொத்தி ஏன் வந்தது என்று புரிகிறது. இன்னும் ஏற்றினால் துடிப்பு கரைந்து, உறுமலும் கிறீச்சலும் இரண்டு மாடிகளாகப் பிரிகின்றன. அதற்கும் மேல் ஏற்றினால் எதுவும் பிரியாது; குமிழை இறக்கிவிடத் தோன்றும். நான்கு வால்யூம், நான்கு உருப்படி. மேடையில் அகிடா இவற்றில் ஒன்றைத்தான் உங்களுக்குத் தருவார், அதுவும் கடைசியை. அங்கே குமிழ் அவர் கையில். கேட்பவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரம் கதவைத் திறந்து வெளியே போவது.

லூ ரீட் 1975இல் வெளியிட்ட 'மெட்டல் மெஷின் மியூசிக்' இதை விளையாட்டாகவே செய்து காட்டியது. புகழ் உச்சியில் இருந்த ராக் பாடகர் இரட்டை இசைத்தட்டு விடுகிறார் என்று ஆவலோடு வாங்கியவர்களுக்கு, நான்கு பக்கமும் கிட்டார் ஃபீட்பேக் மட்டும். கிட்டார்களை ஆம்ப்ளிஃபயர்களுக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டு, அவை தமக்குள் கத்திக்கொண்டதைப் பதிந்து அடுக்கியது. வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். நிறுவனம் சீக்கிரமே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் 16 நிமிடம் 1 நொடி என்று அச்சிட்டிருந்தது. நான்காம் பக்கத்தில் அதோடு முடிவிலிக் குறியும் இருந்தது. காரணம், அந்தப் பக்கத்தின் இறுதியில் ஷேஃபரின் மூடிய பள்ளம். ஊசி அங்கே போய்ச் சேர்ந்ததும் கடைசி 1.8 நொடி இரைச்சல் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுந்து போய்க் கையால் நிறுத்தினால்தான் இசைத்தட்டு முடிந்தது என்று பொருள். முடிவை எழுதும் வேலை கேட்பவனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சிடியில் இந்தப் பள்ளம் வெட்ட வழியில்லை. ஆக, பதிவுக்குப் பதிவே நகலாகும்போதும் ஒன்று செத்துப்போகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் என்ற ஊரிலிருந்து ரான் லெசார்ட் நடத்திய ஆர்.ஆர்.ரெக்கார்ட்ஸ் இந்தப் பள்ளத்தையே பிழைப்பாக்கியது. 1993இல் நூறு மூடிய பள்ளங்கள் ஒரே தட்டில், 1998இல் ஐந்நூறு. அந்த லேபிளின் 'ரீசைக்கிள்டு' வரிசை எனக்கு இன்னும் பிடித்தது. பழைய பாப் கேசட்டுகளை எடுத்து, அவற்றின் மேலேயே இரைச்சலைப் பதிந்து, பிளாஸ்திரி போல ஓர் ஒட்டுநாடாவில் பெயரை எழுதி விற்றார்கள். சில பிரதிகளில் இரைச்சல் ஓய்ந்த இடத்தில் அடியில் கிடந்த பழைய பாட்டு எட்டிப்பார்க்கும். ஆகவே ஒரு பிரதி போல இன்னொன்று இருக்காது. கச்சேரிக்கு மட்டுமே உரியது என்று நாம் நினைக்கும் 'ஒரே ஒரு முறை' என்ற குணம், இருபது ரூபாய் பெறாத கேசட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

லூ ரீட் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. பெர்லினைச் சேர்ந்த 'ஸைட்கிராட்ஸர்' என்ற குழு அந்தத் தட்டை மேடையேற்ற விரும்பியது. உல்ரிக் க்ரீகர் அந்த ஃபீட்பேக்கைக் காதால் கேட்டு இசைக்குறிப்பாக எழுதினார். 2002இல் வயலினும் ஊதுகருவிகளும் பியானோவும் அதை வாசித்தன; கடைசியில் ரீடே கிட்டாருடன் வந்து சேர்ந்துகொண்டார். எவரும் வாசிக்காமல் கருவிகள் தாமே கத்திய ஒன்றை, 27 ஆண்டு கழித்து மனிதர்கள் வியர்க்க வியர்க்க வாசித்தார்கள். இங்கே மூலம் எது, நகல் எது? பிறகு அந்தக் கச்சேரியும் பதிவாக வெளிவந்தது.

பதிவும் மேடையும் அல்லாத மூன்றாவது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: கதை. 1985 ஆகஸ்டில் டோக்கியோவின் 'சூப்பர்லாஃப்ட்' அரங்கில் ஹனதராஷ் குழுவின் யமாத்சுகா ஐ, மண்தோண்டும் இயந்திரத்தை உள்ளே ஓட்டிவந்து சுவரை இடித்தார். எது நடந்தாலும் அரங்கம் பொறுப்பல்ல என்று பார்வையாளர்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த நிகழ்ச்சியை உலகம் அறிந்தது புகைப்படங்களால். கேட்டவர்களைவிட, கேட்டதாகக் கேள்விப்பட்டவர்கள் ஆயிரம் மடங்கு. 1984 ஜனவரி 3 அன்று லண்டன் ஐசிஏ கலைக்கூடத்தில், ஜெர்மனியின் 'ஐன்ஸ்டுர்ட்செண்டே நொய்பாவ்டென்' குழுவினரும் நண்பர்களும் சிமெண்ட் கலக்கும் இயந்திரம், ரம்பம், கல்லுடைக்கும் துளைப்பான்களோடு மேடையேறி மேடையையே துளைக்கத் தொடங்க, சுமார் இருபது நிமிடத்தில் நிர்வாகம் நிறுத்தியது. அடியில் இருக்கும் சுரங்கப்பாதையைத் தோண்டி அரண்மனைக்குப் போகப் பார்த்தார்கள் என்பது வரை வதந்தி வளர்ந்தது. 2007இல் ஜோ மிட்செல் என்ற கலைஞர் அதே ஐசிஏவில் அந்த இரவை மறுபடி நிகழ்த்தினார். கலகத்தை ஒத்திகை பார்த்துத் திரும்பச் செய்தார்கள் என்றால் சிரிப்பு வரும். ஆனால் அதுவும் ஒரு பதிவுதான், மனிதர்களைக் கொண்டு எழுதிய பதிவு.

மேடையே பதிவைப் போல ஆக முயன்ற கதையும் உண்டு. 1990களின் முடிவில் அகிடா பெடல்களையும் தகரத்தையும் ஒதுக்கிவிட்டு லேப்டாப்புக்கு மாறினார். மேடையில் பார்க்க என்ன இருக்கிறது? ஒருவர் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறார். வங்கிக் கவுண்டரில் இருப்பவர்கூட இன்னும் கொஞ்சம் அசைவார். பிரெஞ்சுக்காரர் ரொமேன் பெரோ, 'வொமிர்' என்ற பெயரில், இதன் கடைசி எல்லைக்குப் போனார். அவருடைய 'சுவர்' இரைச்சலில் மாற்றமே கிடையாது. ஆரம்பித்த இரைச்சல் முடியும்வரை அதேதான். கச்சேரியில் பார்வையாளர்களுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் பைகளைக் கொடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளச் சொல்வார். அவரும் கவிழ்த்துக்கொண்டு நிற்பார். மேடை, முகம், சக ரசிகன் எல்லாம் ரத்து. இருட்டறையில் தனியாக ஹெட்ஃபோன் போட்டுக் கேட்பவனின் நிலையை, கூட்டத்துக்கு நடுவே உண்டாக்குகிறார். டிக்கெட் வாங்கி வந்து பதிவு கேட்பது போல.

இந்தத் துறையில் மிக நல்ல நூலாக நான் கருதுவது டேவிட் நோவாக் 2013இல் வெளியிட்ட 'ஜப்பனாய்ஸ்'. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பல ஆண்டுகள் இந்தக் கூட்டத்தோடு பழகி எழுதியது. நேர்நிகழ்ச்சியின் 'உயிர்ப்பு'க்கு எதிர்ச்சொல்லாக அவர் பதிவின் 'சாவு' என்பதை எடுத்துக்கொள்கிறார். ஆனால் வசையாக அல்ல. தனி அறையில் பதிவோடு இருப்பவனுக்கு ஒலி மூலத்திலிருந்து அறுந்துவிடுகிறது. யார் செய்தது, எதைக் கொண்டு செய்தது, எங்கே நின்று செய்தது, எதுவும் தெரியாது. அந்த அறுபட்ட நிலையையே ரசிகன் நாடுகிறான் என்பது அவர் கண்டது. கச்சேரிக்குப் போகிறவனும் தான் தனியாகக் கேட்டுத் தேறிய காதோடுதான் போகிறான். இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. மைக்கும் ஸ்பீக்கரும் போல.

நோவாக்கோடு எனக்கு ஓர் இடத்தில் மட்டும் உடன்பாடில்லை. சுற்று என்று சொல்லும்போது இரு முனையும் சமம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சமம் இல்லை. அறையில் நிற்பவன் தன்னை ஒப்புக்கொடுக்கிறான். வீட்டில் கேட்பவன் ஆளுகிறான். ஒப்புக்கொடுக்காமல் இரைச்சலிசையின் பயம் தெரியாது, ஆளாமல் அதன் உள்மடிப்பு தெரியாது. முதலாவதுக்குக் கச்சேரியை விட்டால் வழியில்லை. இரண்டாவது கச்சேரியில் கிடைக்கவே கிடைக்காது.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'பல்ஸ் டெமன்' சிடியை ஹெட்ஃபோனில் ஆரம்பிக்க வேண்டாம். ஸ்பீக்கரில், மின்விசிறிச் சத்தத்துக்குச் சற்று மேலே வைத்து, ஒரு முழுச் சுற்று கேளுங்கள். பிறகு குமிழைத் தொடுங்கள். கச்சேரிக்குப் போகும் வாய்ப்பு வந்தால் காதடைப்பான் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் காது தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம். உட்காதில் செத்த மயிரணு மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை.